தோட்டா சிக்கினால் குற்றம் யாருடையது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1857 என்றதும் நம் எல்லோருக்கும் கொழுப்புத் தடவிய தோட்டா நினைவுக்கு வரும். எத்தனை வருடம் அந்தப் பாடத்தை நடத்தினேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் அதே 1857-இல் இன்னொரு தோட்டாவும் உலகத்துக்கு வந்தது. நம் பாடப்புத்தகத்தில் அது இல்லை. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி ஏழு தோட்டா போடும் ஒரு சின்ன ரிவால்வரை விற்பனைக்கு விட்டது. அதற்கான தோட்டா சுண்டுவிரல் நுனி அளவுதான். காகிதச் சுருள் கிடையாது, பல்லால் கடிக்க வேண்டியதில்லை. உலோகக் கூட்டுக்குள் குண்டு, மருந்து, பற்றவைக்கும் ரசாயனம் எல்லாம் அடக்கம். இன்று ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் சுடப்படும் .22 தோட்டா அதன் நேர் வாரிசு.

இதை எழுதத் தூண்டியது எங்கள் மந்தைவெளியில் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி. துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். "பத்து குண்டு சுட்டா ஒண்ணு ஜாம் ஆகுது சார், என் ராசி அப்படி" என்றாள். ராசி என்று சொன்னால் வாத்தியார் மனசு சும்மா இருக்குமா? இயந்திரத்துக்கு ராசி கிடையாது, காரணம் உண்டு. இந்த விஷயத்தில் அந்தக் காரணத்துக்கு நூற்று அறுபது வருட வரலாறும் உண்டு.

முதலில் இந்தத் தோட்டாவின் அமைப்பைப் பார்ப்போம். 1845-இல் பாரிஸில் ஃப்ளோபேர் என்பவர் வீட்டுக் கூடத்தில் பொழுதுபோக்காகச் சுடுவதற்கு ஒரு தோட்டா செய்தார். ஒரு சின்ன கேப், அதன் வாயில் ஒரு ஈய உருண்டை, அவ்வளவுதான். வெடிமருந்துகூடக் கிடையாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதைக் கொஞ்சம் நீட்டி, மருந்து சேர்த்தது. 1887-இல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி இன்னும் நீட்டி .22 லாங் ரைஃபிள் என்று பெயரிட்டது. பெயரில் ரைஃபிள் இருந்தாலும் பிஸ்டலிலும் அதே தோட்டாதான். மொத்த நீளம் ஓர் அங்குலம். குண்டின் எடை சுமார் 2.6 கிராம்.

இதற்கு ரிம்ஃபயர் என்று பெயர். ரிம் என்றால் விளிம்பு. ஆணிக்குத் தலை இருப்பது போல இந்தத் தோட்டாவின் அடியில் சுற்றிலும் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அந்த விளிம்பின் உள்மடிப்பில்தான் பற்றவைக்கும் ரசாயனம் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி விளிம்பின் ஓரிடத்தில் அடித்து நசுக்கினால் அங்கே பொறி தெறிக்கும், மருந்து பற்றும். தீபாவளிக்கு நாம் கல்லால் தட்டிய பொட்டு வெடியின் அதே தத்துவம். ஊசி அடித்தால் நசுங்க வேண்டும் என்பதால் பித்தளை மெல்லியதாகத்தான் இருந்தாக வேண்டும். மெல்லியது என்பதால் அதிக அழுத்தம் தாங்காது. அதனால் பெரிய துப்பாக்கிகள் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள், அடியின் நடுவில் ஊசி அடிக்கும் சென்டர்ஃபயர் முறைக்குப் போய்விட்டன. சின்னத் தோட்டா மட்டும் மலிவானது, அதிர்ச்சி குறைவானது என்பதால் பழைய முறையிலேயே தங்கிவிட்டது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். 1857-இல் அந்த விளிம்பு ஒரு வரம். ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி அறை. உள்ளே நழுவிப் போகாமல் தோட்டாவைப் பிடித்துக்கொள்வதே அந்த விளிம்புதான். ஒன்றோடொன்று உரச வாய்ப்பே இல்லை. பிறகு தானாகத் தோட்டா ஏறும் பிஸ்டல்கள் வந்தன. பிரௌனிங் வடிவமைத்து கோல்ட் கம்பெனி 1915-இல் வெளியிட்ட .22 பிஸ்டல் அவற்றில் பேர்பெற்றது. இவற்றில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு மேகசினில் அடுக்கப்படுகின்றன. ஒரு டப்பாவில் ஆணிகளை நெருக்கி அடுக்கிப் பாருங்கள். தலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ரிவால்வருக்கு வரமாக இருந்த விளிம்பு மேகசினுக்குச் சாபமாகிவிட்டது. கேள்வி மாறிவிட்டது, பழைய விடை மட்டும் அப்படியே நிற்கிறது.

நம் போலீஸ்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த .303 ரைஃபிளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அது சென்டர்ஃபயர்தான், ஆனால் தோட்டாவில் விளிம்பு இருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி அடுக்க வேண்டும். மாற்றி அடுக்கினால் சிக்கிக்கொள்ளும். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தன்றுதான் அந்த ரைஃபிளுக்கு விடை கொடுத்தது.

இப்போது ஒரு குண்டு சுடும்போது பிஸ்டலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மருந்து எரிந்த வாயு குண்டை முன்னே தள்ளுகிறது, காலிக் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. கூடு ஸ்லைடைத் தள்ளுகிறது. போகிற போக்கில் ஒரு கொக்கி கூட்டைப் பிடித்து இழுக்கிறது, ஒரு முனை அதைத் தட்டி வெளியே எறிகிறது. ஸ்பிரிங் ஸ்லைடைத் திரும்பக் கொண்டுவரும்போது மேகசினின் உச்சியில் உள்ள தோட்டாவை உருவி, ஒரு சரிவில் ஏற்றி, குழலின் அறைக்குள் திணிக்கிறது. இத்தனையும் கண் இமைப்பதற்குள். இதற்கான சக்தி முழுவதும் அந்தச் சின்னத் தோட்டாவிலிருந்தே வர வேண்டும். பெரிய தோட்டாவில் சக்தி மிச்சம் இருக்கும், கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் தள்ளிவிடும். .22-இல் அந்த மிச்சம் கிடையாது. கைச்செலவுக்கு எண்ணி வைத்த காசு போல.

ஆகவே கோளாறுகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. தோட்டா மேலே ஏறவில்லை. முதல் சந்தேகம் மேகசின்மேல்தான் வர வேண்டும். விளிம்புகள் கோத்துக்கொண்டனவா, ஸ்பிரிங் தளர்ந்ததா, மேல்வாய் உதடுகள் வளைந்தனவா, மேகசின் முழுவதும் உள்ளே போய் 'டக்' என்று உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை சிமெண்ட் தரையில் விழுந்தாலே அந்த உதடு மயிரிழை வளையும். கண்ணுக்குத் தெரியாது, தோட்டாவுக்குத் தெரியும்.

2. ஏறியது, அறைக்குள் நுழையவில்லை. .22 குண்டு மெத்தென்ற ஈயம். அதன்மேல் மெழுகோ எண்ணெய்ப் பசையோ பூசியிருப்பார்கள். பாருங்கள், கொழுப்புத் தடவிய தோட்டா இன்னும் நம்மை விடவில்லை! அந்த மெழுகும் மருந்துக் கரியும் ஈயத் துகளும் சேர்ந்து சரிவிலும் அறையின் வாயிலும் படிகின்றன. குளிரில் மெழுகு இறுகும். பனியில் சறுக்கிக்கொண்டே சுடும் பயத்லான் விளையாட்டுக்கும் இதே .22-தான், அதனால் குளிருக்கென்றே தனித் தோட்டா விற்கிறார்கள். நம் சென்னை வெயிலில் நிலைமை தலைகீழ். மெழுகு இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். துடைப்பதுதான் மருந்து. எண்ணெயைக் கொட்டுவது மருந்தாகாது, அதுவே தூசியைக் கூட்டிவரும்.

3. நுழைந்தது, வெடிக்கவில்லை. தொழிற்சாலையில் விளிம்பு முழுவதும் ரசாயனம் சீராகப் பரவ வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போய், ஊசி சரியாக அங்கேயே அடித்தால் 'சொத்' என்று போய்விடும். ரோல் கேப் துப்பாக்கியில் இரண்டு கேப் வெடித்து மூன்றாவது ஏமாற்றுவதைப் பார்க்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? வெளியே எடுத்த தோட்டாவில் ஊசியின் தடத்தைப் பார்க்க வேண்டும். தடம் ஆழமாக இருந்தால் தோட்டாவைச் சந்தேகப்படலாம். மேலோட்டமாக இருந்தால் ஊசியை, அதன் ஸ்பிரிங்கை, உள்ளே சேர்ந்த அழுக்கைப் பார்க்க வேண்டும்.

தோட்டாவின் வயதும் முக்கியம். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டது நம் தலைமுறைக்கு மறக்காது. துப்பாக்கி வேறு வகை. ஆனால் தோட்டாக்கள் பழையவை, அதனால் வேகம் குன்றியிருந்தன என்று தடயவியல் தரப்பு விளக்கியதை அன்று பேசாத டீக்கடை இல்லை.

4. வெடித்தது, கூடு வெளியே வரவில்லை. கொக்கியின் நகம் தேய்ந்திருக்கலாம், அடியில் கரி அடைத்திருக்கலாம். தோட்டா பிஸ்டலுக்குப் போதாத பலத்தில் இருக்கலாம். மணிக்கட்டு தளர்ந்திருந்தாலும் ஸ்லைடுக்குப் போக வேண்டிய சக்தியைக் கை விழுங்கிவிடும். ரிம்ஃபயருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. தோட்டா இல்லாமல் வெறும் விசையை இழுத்துப் பழகினால் சில பிஸ்டல்களில் ஊசி நேராக அறையின் விளிம்பில் போய் அடிக்கும். நாளடைவில் அங்கே ஒரு பிசிறு எழும், கூடு அதில் மாட்டும். அதற்குத்தான் போலித் தோட்டா போட்டுப் பழகச் சொல்கிறார்கள்.

இந்த நான்கிலும் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிரியருக்குத் தெரிந்த ஒரே கருவி பதிவேடு. மேகசின்களுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். ஒவ்வொரு முறை சிக்கும்போதும் எந்த மேகசின், அதில் எத்தனையாவது தோட்டா, பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண் என்ன, துடைத்த பிறகு எத்தனையாவது குண்டு என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாச் சிக்கலும் 2-ஆம் மேகசினில் என்றால் குற்றவாளி பிடிபட்டார். எல்லா மேகசினிலும், ஆனால் நூறு குண்டுக்குப் பிறகு என்றால் அழுக்கு. புதுப் பெட்டி திறந்ததும் என்றால் தோட்டா. வகுப்பில் ஒரு பையன் திங்கட்கிழமை மட்டும் வராமல் இருப்பதை வருகைப் பதிவேடுதானே நமக்குக் காட்டும்?

இந்தப் பொறுமைக்கு ஒரு பெரிய உதாரணம் மிகயீல் மார்கோலின். சோவியத் நாட்டுக்காரர். இளம் வயதில் தலையில் காயம்பட்டுப் பார்வையை இழந்தவர். அவர் வடிவமைத்த .22 பிஸ்டல் உலகம் முழுவதும் போட்டிகளில் பேர் வாங்கியது. மெழுகிலும் களிமண்ணிலும் மாதிரி செய்து விரலால் தடவித் தடவி ஒவ்வொரு பாகத்தையும் முடிவு செய்தார். கண் இல்லாதவர் கையால் கேட்டார். நாம் கண் இருந்தும் ராசி என்கிறோம்.

போட்டியில் இது என்ன விலை கேட்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2019 மே மாதம் மியூனிக் உலகக் கோப்பையில் 25 மீட்டர் இறுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுவில் மக்கர் செய்தது. நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த பெண் ஐந்தாம் இடத்தில் முடித்தார். அதே போட்டியில் நம் ராஹி சர்னோபத் தங்கம் வென்றார். 2021 டோக்கியோவில் மீண்டும் மனுவுக்கே சோதனை. அது ரிம்ஃபயர் அல்ல, 10 மீட்டர் ஏர் பிஸ்டல். நெம்புகோல் உடைந்து நேரம் போனது. 575 எடுத்து, இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கியதோடு, .22 பிஸ்டல் போட்டியிலும் நான்காம் இடம் வரை வந்தார். 2012 லண்டனில் நம் ராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளி வாங்கியதும் இதே .22-இல்தான். ஐந்து இலக்கு, ஐந்து குண்டு, கடைசிக் கட்டத்தில் நான்கே விநாடி. அந்த நான்கு விநாடிக்குள் ஒரு விளிம்பு சிக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இதற்காகப் போட்டி விதியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பிஸ்டல் சிக்கினால் வீரர் அதை இலக்குப் பக்கமே நீட்டியபடி, பிடியை விடாமல், மற்றக் கையைத் தூக்க வேண்டும். அதிகாரி வந்து பார்ப்பார். தோட்டா வெடிக்கவில்லை, கூடு மாட்டிக்கொண்டது, ஊசி உடைந்தது என்றால் அது வீரரின் குற்றம் ஆகாது. விட்டுப்போனதற்கு வாய்ப்புக் கிடைக்கும். தோட்டாவே போடவில்லை, பாதுகாப்புப் பூட்டைத் திறக்கவில்லை, மேகசினைச் சரியாகச் செருகவில்லை, அல்லது அதிகாரி வருமுன் தானே திறந்துவிட்டார் என்றால் சுடாத குண்டுகளுக்குப் பூஜ்யம். கை தூக்கியவரைத் திட்டுவதில்லை. சோதித்துவிட்டுத்தான் தீர்ப்பு.

இந்த விதியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது வேலூரும் மீரட்டும்தான்.

1806-இல் சென்னை ராணுவத்தில் புதுத் தலைப்பாகையும் தோல் பட்டையும் வந்தன. எங்கள் மதத்துக்கு ஒவ்வாது என்று சிப்பாய்கள் சொன்னார்கள். அதுவும் ஒரு கை தூக்கல்தான். பதிலாகக் கிடைத்தது ராணுவ நீதிமன்றம். இரண்டு பேருக்குத் தலா 900 கசையடி. அந்த ஜூலை 10-ஆம் தேதி விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டை வெடித்தது. ஐம்பத்தொரு வருடம் கழித்து, 1857 ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படையினர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று கொடுக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்கள் என்றே வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். சிப்பாய்கள் தாங்களே நெய்யோ மெழுகோ தடவிக்கொள்ளலாம், பல்லுக்குப் பதில் கையால் கிழிக்கலாம் என்ற மாற்றங்களும் அதற்குள் வந்துவிட்டன. இயந்திரத்துக்கான தீர்வு கையில் இருந்தது. கை தூக்கியவன் சொல்வதை நின்று கேட்கும் பழக்கம்தான் இல்லை. மே 9 அன்று அணிவகுப்பு மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது.

1857-க்குக் காரணம் தோட்டா ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. நாடு பறிப்பு, வரி, சம்பளம் என்று எத்தனையோ இருந்தன. ஆனால் ஒரு கோளாறு எப்போது கலகமாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

அதன் விளைவு இன்றைய சுடும் வீரர்வரை வருகிறது. லிட்டன் பிரபு 1878-இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்து இந்தியர் கையில் துப்பாக்கி இருப்பதையே சந்தேகத்துக்கு உரியதாக்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு 1951-இல் தேசிய ரைஃபிள் சங்கம் தொடங்கியது, மக்களவையின் முதல் சபாநாயகர் மாவலங்கர் அதற்கு முன்னின்றார். பிறகு 1959-இல் நம் சொந்த ஆயுதச் சட்டம் வந்தது. உரிமக் கட்டுப்பாடு தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் போட்டித் தரமான .22 தோட்டா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. ஐரோப்பிய வீரர் பத்துக் கம்பெனித் தோட்டாக்களை வாங்கி, தன் பிஸ்டலுக்கு எது ஒத்துப்போகிறது என்று பார்ப்பார். நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதுதான் தோட்டா. எண்ணிக்கையும் அளவுதான். அப்படி இருக்கும்போது ஒவ்வொரு சிக்கலையும் எழுதி வைப்பது அவர்களுக்கு இன்னும் அவசியம்.

2022-இல் திருச்சியில் மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் வந்தபோது அவரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தை எல்லோரும் பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் பத்துப் பிள்ளைகளாவது இந்த விளையாட்டைக் கற்க நினைத்தால் நல்லதே. அவர்களின் பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்கக் கூடாது. சில சமயம் தாமதமாக வெடிக்கும். முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, பயிற்சியாளர் சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த குண்டைச் சுடவே கூடாது. இவை உரிமம் பெற்ற கிளப்பில், பயிற்சியாளர் முன்னிலையில் மட்டும் செய்ய வேண்டிய வேலைகள்.

பிள்ளைகளுக்கு ஒரே வார்த்தை. சிக்கினால் கையைத் தூக்குங்கள். வெட்கப்படாதீர்கள், நீங்களே நோண்டாதீர்கள். பெரியவர்களுக்கும் ஒரே வார்த்தை. தூக்கிய கையைப் பார்த்தால் முதலில் போய்ப் பாருங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டவர்கள், காவல்துறையில் .303 சுமந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் தோட்டா எப்போது சிக்கியது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள்.